கூம்புக் கருவிழிக்கு எந்த லென்ஸ்? செமி சாஃப்ட் காலாவதியாகிவிட்டதா?

வாசகர் கேள்வி, 9 பிப்ரவரி 2023

எனக்கு வயது 19. கரூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு கண்களிலும் கெரட்டோகோனஸ் என்னும் கூம்புக் கருவிழி நோய் இருப்பதாகச் சென்ற மாதம் சொன்னார்கள். வலது கண்ணில் அதிகம், இடது கண்ணில் ஆரம்ப நிலை. செமி சாஃப்ட் லென்ஸ் பழைய காலத்துச் சரக்கு, உறுத்தும், கருவிழியைப் புண்ணாக்கும், நேராக வெண்விழியின் மேல் அமரும் ஸ்க்ளீரல் லென்ஸுக்குப் போய்விடுங்கள் என்று காணொளிகளில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியிருக்க, மருத்துவமனையில் ஏன் இன்னும் முதலில் செமி சாஃப்டை வைத்துப் பார்க்கிறார்கள்? விலை குறைவு என்பதாலா?

9 பிப்ரவரி 2023, இரவு

தம்பி, விலையும் ஒரு காரணம்தான். ஆனால் அது முதல் காரணம் அன்று. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். 2000ஆம் ஆண்டில், என் 18ஆவது வயதில், இந்த நோய் தெரியவந்தது. இன்று என் வலது கண்ணில் ஸ்க்ளீரல், இடது கண்ணில் செமி சாஃப்ட். எது மேல் என்கிற சண்டை என் முகத்துக்குள்ளேயே தினமும் நடக்கிறது.

கண்ணாடி ஏன் உதவவில்லை என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும். சாதாரணமாகச் சிலிண்டர் பவர் உள்ளவரின் கருவிழி முட்டையின் பக்கவாட்டைப் போன்றது. ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் குறைவாகவும் வளைந்திருக்கும். அந்த வேறுபாடு ஒழுங்கானது என்பதால் கண்ணாடி அதைச் சரிசெய்துவிடுகிறது. நம்முடைய கருவிழியோ நடுவிலோ, நடுவுக்குச் சற்றுக் கீழேயோ மெலிந்து, கண்ணுக்குள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் கூம்பாக முன்னே தள்ளியிருக்கிறது. அதன் சரிவு திசைக்கு ஒரு விதமாக இருப்பதால் எந்தக் கண்ணாடியும் அதற்கு ஈடாகாது. கடையில் வாங்கும் சாஃப்ட் லென்ஸைப் போட்டால், அது ஈரத்துணியைப் போலக் கூம்பின் மேல் படிந்து தானும் கூம்பாகிவிடும்.

கடினமான லென்ஸ் மட்டும் தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது. அதற்கும் கருவிழிக்கும் இடையிலுள்ள பள்ளங்களில் கண்ணீர் நிறைகிறது. மேடுபள்ளமான வயலில் தண்ணீர் கட்டினால் மேலே ஒரே மட்டமாகத் தெரியும் அல்லவா, அதுவேதான் இங்கும் நடக்கிறது. கண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.336, கருவிழியினுடையது 1.376. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதால், கருவிழியின் முன்புறத்து மேடுபள்ளத்தில் பெரும்பகுதியை ஒளி கண்டுகொள்வதே இல்லை. செமி சாஃப்ட் செய்வதும் இதுதான், ஸ்க்ளீரல் செய்வதும் இதுதான். முன்னது 9 அல்லது 10 மி.மீ. விட்டத்தில் கருவிழியின் மேலேயே அமர்கிறது. பின்னது 15 மி.மீ. அளவிலோ அதற்கு மேலோ இருந்துகொண்டு, கருவிழியைத் தொடாமல் தாண்டி, வெண்விழியின் மேல் காலூன்றுகிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆக்சிஜன் ஊடுருவும் கடின லென்ஸான ஆர்ஜிபிக்குத்தான் நம் கடைவீதிகளில் செமி சாஃப்ட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதில் சாஃப்ட் எதுவும் இல்லை.

சிறியதாகவும் எளியதாகவும் உள்ள லென்ஸ் பொருந்துமா என்று முதலில் பார்ப்பதில் தவறில்லை. கண்ணீர் அதன் அடியில் ஒவ்வொரு இமைப்பிலும் மாறிக்கொண்டே இருக்கிறது. கருவிழிக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. உங்கள் லென்ஸ் அட்டையில் பேஸ் கர்வ் என்று ஓர் எண் இருக்கும். அது குறையக் குறைய லென்ஸ் தட்டையாகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

10 பிப்ரவரி 2023

நேற்றிரவு எழுதியதன் கடைசி வரி தலைகீழ். தூக்கக் கலக்கம்தான் காரணம், வேறு சமாதானம் இல்லை. அந்த எண் வளைவின் ஆரம், மி.மீ. கணக்கில். வட்டம் சிறியதானால் வளைவு கூடும். ஆகவே எண் குறையக் குறைய லென்ஸ் குத்தாகிறது. கருவிழியின் வளைவை டயாப்டர் என்ற அலகில் சொல்வார்கள். 337.5ஐ அதனால் வகுத்தால் ஆரம் கிடைக்கும். 45 டயாப்டர் கருவிழிக்கு 7.5 மி.மீ. என் வலது கண்ணில் 54 டயாப்டர், அதாவது 6.25 மி.மீ. இதைக்கூடச் சரியாகச் சொல்லாதவரிடம் ஆலோசனை கேட்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள், இங்கே கதை மட்டும் கேளுங்கள்.

12 பிப்ரவரி 2023

தம்பி, கருவிழியின் வளைவை வரைபடமாகக் காட்டும் தன் டோப்போகிராஃபி அறிக்கையைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு, லென்ஸுக்கு முன்பாக வேறு ஒன்றை எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. 19 வயதில் எந்த லென்ஸ் என்பது இரண்டாவது கேள்வி. நோய் இன்னும் கூடிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கூம்புக் கருவிழி பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, இருபதுகளில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வளர்கிறது. லென்ஸ் பார்வையைத் தருகிறது, வளர்ச்சியை நிறுத்துவதில்லை.

நிறுத்துவதற்கு உள்ளது சி3ஆர் சிகிச்சை. ரிபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமின் சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊறவைத்து, அதன் மேல் புறஊதா ஏ ஒளியைப் பாய்ச்சி, கொலாஜன் இழைகளுக்கிடையே கூடுதல் பிணைப்புகளை உண்டாக்குகிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான பழைய முறையில் அரை மணி நேரம் மருந்து, அரை மணி நேரம் ஒளி. அந்த முறைக்குக் கருவிழி குறைந்தது 400 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும். சாதாரணக் கருவிழியின் நடுத்தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான். டிரெஸ்டன் மருத்துவர்களின் முதல் முடிவுகள் 2003இல் வெளிவந்தன. எனக்கு நோய் தெரிந்தது 2000இல். அந்த இடைவெளியை நினைத்து நான் பல இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறேன். உங்களுக்கு அந்தத் துன்பம் இல்லை. ஆனால் சி3ஆர் செய்தால் கண்ணாடியும் லென்ஸும் தேவைப்படாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது பார்வையைத் திருத்துவதற்கானது அன்று, இருப்பதைக் காப்பாற்றுவதற்கானது.

அடுத்தது, கண்ணைக் கசக்குவது. சிறுவயதில் ஒவ்வொரு கோடையிலும் எனக்குக் கண் அரிக்கும். விரல் மூட்டுகளை இமைக்குள் புதைத்து, வெள்ளைப் பொறிகள் பறக்கும் வரை கசக்குவேன். அதில் ஒரு சுகம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அம்மா கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார். கசக்குவதற்கும் இந்த நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அரிப்பு இருந்தால் ஒவ்வாமைக்கான சொட்டு மருந்தைக் கேட்டு வாங்குங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய இமை மேல் வையுங்கள். லென்ஸைக் கழற்றிய அந்த நிமிடத்தில்தான் கை தானாகக் கண்ணுக்குப் போகும். அப்போது இரண்டு கைகளையும் எங்காவது கட்டி வையுங்கள்.

19 பிப்ரவரி 2023

செமி சாஃப்ட் உண்மையில் எவ்வளவு உறுத்தும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் நாள், கண்ணுக்குள் உமி விழுந்ததைப் போல இருந்தது. நான் தலையைப் பின்னே சாய்த்து, கீழே மட்டும் பார்த்துக்கொண்டு, வாசலில் நின்ற அப்பாவை அடையாளம் காணாமல் தாண்டிப் போனேன். உறுத்துவது பெரும்பாலும் கருவிழியன்று, இமை. லென்ஸின் விளிம்பு ஒவ்வொரு இமைப்பிலும் மேலிமையின் உட்புறத்தில் இடறுகிறது. முதல் நாள் இரண்டு மணி நேரம், அடுத்த நாள் மூன்று என்று ஏற்றிக்கொண்டே போனதில் மூன்றாவது வாரம் அது பழகிவிட்டது. பழகிய பிறகும் சிறு உறுத்தல் எப்போதும் இருக்கும். அது விலை, கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் கண்ட பார்வை! பேருந்தின் பலகையில் இருந்த ஊர்ப்பெயரை, பேருந்து நிற்பதற்கு முன்பே படித்தேன். அதற்கு முன்பு நடத்துநரின் குரலை வைத்துத்தான் பேருந்து ஏறுவேன்.

என் தவறையும் சொல்ல வேண்டும். 2009இல் ஊர் மாறியபோது, ஒரு கடையில் பழைய சீட்டைக் காட்டினேன். அவர்கள் அளவை மட்டும் பார்த்து லென்ஸை வரவழைத்துக் கொடுத்தார்கள். ஊரும் பேரும் இங்கே வேண்டாம். கண்ணில் வைத்துச் சாயம் விட்டுப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. செமி சாஃப்ட் பொருத்துவதில் மிக முக்கியமான பத்து நிமிடம் அதுதான். ஃப்ளூரசின் என்னும் சாயத்தைத் தொட்டு, நீல ஒளியில் பார்த்தால், லென்ஸுக்கு அடியில் கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும், லென்ஸ் கருவிழியைத் தொடும் இடம் இருட்டாகத் தெரியும். கூம்பின் நுனியில் மெல்லிய தொடுகை, ஓரங்களில் இரண்டு பக்கமும் மெல்லிய தொடுகை, இடையே பச்சை, விளிம்பில் ஒரு பச்சை வளையம்: இப்படி மூன்று இடங்களில் பாரத்தைப் பகிர்ந்தால் நல்ல பொருத்தம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நுனியில் கருப்பாக ஒரு பெரிய வட்டம் தெரிந்தால் லென்ஸ் தட்டை, எல்லாப் பாரமும் கூம்பின் தலையில். என் வலது கண்ணில் அந்தக் கருப்பு வட்டம் ஏழு ஆண்டுகள் இருந்திருக்கிறது. 2016இல் நுனியில் புண்ணாகி, ஆறிய பிறகு ஒரு தழும்பு நின்றுவிட்டது.

செமி சாஃப்டின் இன்னொரு குணம், அது எப்போது வேண்டுமானாலும் குதித்துவிடும். ஒருமுறை செக்கிங் மேசையில் இமைத்த கணத்தில் லென்ஸ் காணாமல் போனது. வேலையை நிறுத்திவிட்டு எட்டுப் பேர் மண்டியிட்டு, கைப்பேசி விளக்கை வைத்துக்கொண்டு தரையைத் தடவினார்கள். கடைசியில், ஏற்றுமதிக்குக் கட்டவிருந்த கருநீல டி-ஷர்ட்டின் மார்பில், வியர்வைத் துளியைப் போல ஒட்டியிருந்தது. ஊசித்துளைக்குக்கூட ஒரு துணியைத் திருப்பி அனுப்பும் பிரிவில், கண்ணையே ஏற்றுமதி செய்யப் பார்த்தேன் என்று இன்றும் கேலி செய்கிறார்கள்.

20 பிப்ரவரி 2023

நேற்றைய குறிப்பைப் படித்த ஒரு நண்பர், தட்டையாகப் பொருத்தினால் கூம்பு அமுங்கி நோய் நின்றுவிடும் என்று தனக்குச் சொல்லப்பட்டதாக எழுதியிருக்கிறார். நானும் அதை நம்பியிருந்தேன். 2009இல் அந்த இறுக்கத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். லென்ஸ் இருக்கும்வரை நுனி சற்று அமுங்கித் தெரியும், கழற்றிய சில நாள்களில் பழைய இடத்துக்கே வந்துவிடும். அமெரிக்காவில் 1209 நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த கிளெக் என்ற ஆய்வு, தட்டையாகப் பொருத்திய கண்களில் தழும்பு அதிகமாகக் காணப்படுவதைத்தான் காட்டியது. கூம்பின் நுனியை இஸ்திரி போட முடியாது.

இதே காரணத்தால்தான் டோப்போகிராஃபி எடுப்பதற்கு முன்பு லென்ஸைக் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். செமி சாஃப்ட் அணியும் எனக்குச் சொன்னது மூன்று வாரம். முந்தைய நாள் இரவு கழற்றிவிட்டுப் போனால், கருவி அளப்பது உங்கள் கருவிழியை அன்று, லென்ஸ் அழுத்திவிட்டுப் போன அச்சை.

5 மார்ச் 2023

இப்போது ஸ்க்ளீரல். 2016இல் புண் ஆறிய பிறகு சில மாதங்கள், சாஃப்ட் லென்ஸின் மேல் செமி சாஃப்டை வைக்கும் பிக்கிபேக் முறையில் ஓட்டினேன். அதைப் பற்றிப் பிறகு. 2017இல் வலது கண்ணுக்கு ஸ்க்ளீரல் வந்தது. அப்போது ஒரு செமி சாஃப்டுக்கு 6,500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்க்ளீரலுக்கு 22,000 ரூபாய் கொடுத்தேன்.

அதைப் போடுவது ஒரு சடங்கு. லென்ஸைக் கிண்ணம் போல ரப்பர் உறிஞ்சியின் மேல் நிறுத்தி, பதப்பொருள் சேர்க்காத உப்புநீரை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்தி, முகம் தரைக்கு இணையாக இருக்கும்படி குனிந்து, இரண்டு இமைகளையும் அகல விரித்து, கண்ணைச் சிமிட்டாமல் லென்ஸை மேலே ஏற்ற வேண்டும். முகம் சற்றே சாய்ந்தாலும் நீர் வழிந்து உள்ளே காற்றுக்குமிழி அகப்பட்டுவிடும். பார்வைக்கு நடுவே ஒரு குமிழி மிதந்தால் கழற்றித் திரும்பவும் தொடங்க வேண்டியதுதான். முதல் நாள் எனக்கு 11 முயற்சி. சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. மொய்விருந்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் இப்படி நடந்தால் வீட்டில் உள்ளவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்துவிட்டால், லென்ஸ் இருப்பதே தெரியாது. விளிம்பு இமைகளுக்கு அடியில் மறைந்திருப்பதால் இடறுவதற்கு எதுவும் இல்லை. பஞ்சுத்தூசி பறக்கும் எங்கள் கம்பெனியில் இதன் அருமை தனி. செமி சாஃப்டின் அடியில் ஓர் இழை புகுந்தால், கண்ணீர் கொட்டக் கொட்டக் கழிவறைக்கு ஓட வேண்டும். ஸ்க்ளீரலின் அடியில் பகல் முழுவதும் ஓர் இழைகூடப் புகாது. அது குதித்து விழுவதும் இல்லை. தழும்புள்ள என் கூம்பை அது தொடுவதே இல்லை. இடையில் உள்ள நீர்ப்படலம் நாள் முழுவதும் கருவிழியை நனைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணீரே சுரக்காதவர்களுக்கும், மருந்து ஒவ்வாமையால் வரும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயில் கண்ணின் மேற்பரப்பு சிதைந்தவர்களுக்கும் இந்த லென்ஸ் உதவுவது அதனால்தான்.

குறைகளுக்கு வருகிறேன். பகல் 12 மணிக்கு மேல் எனக்குப் பனி மூடுகிறது. லென்ஸுக்கு அடியில் உள்ள நீரில் கொழுப்பும் சளியும் சேர்ந்து கலங்கிவிடுவதால், குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்ததைப் போலத் தெரியும். கழற்றி, புது நீர் நிரப்பி, திரும்பப் போட்டால் தெளியும். சாப்பாட்டு இடைவேளையில் 20 நிமிடம் அதற்கே போகிறது. கம்பெனியில் கைகழுவிவிட்டு உட்கார்வதற்குச் சுத்தமான ஒரு மூலையைப் பெறுவதற்கு மேலாளரிடம் இரண்டு முறை பேச வேண்டியிருந்தது. கழற்றும்போது உறிஞ்சியை லென்ஸின் நடுவில் வைத்து இழுக்கக் கூடாது. உள்ளே வெற்றிடம் உண்டாகிக் கருவிழியையே இழுக்கும். முதலில் சொட்டு விட்டு, கீழிமை வழியாக விளிம்பை அழுத்திச் சற்றுத் தளர்த்தி, ஓரத்தில் வைத்து நெம்ப வேண்டும்.

லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையிலுள்ள உயரமும் ஒரு கணக்கு. லென்ஸ் சில மணி நேரத்தில் வெண்விழிக்குள் சற்று அமிழும். அமிழ்ந்த பிறகு 200 முதல் 300 மைக்ரான் வரை இருப்பது நல்லது என்றார்கள். குறைந்தால் நுனியில் உரசும். மிகக் கூடினால் அத்தனை நீரைத் தாண்டி ஆக்சிஜன் கருவிழிக்குப் போக வேண்டும். ஆகவே ஸ்க்ளீரல் என்றாலே பாதுகாப்பு என்பதும் சரியன்று. போட்ட உடனே பார்த்துவிட்டு அனுப்பாமல், நான்கு மணி நேரம் உட்காரவைத்துத் திரும்பப் பார்த்த, லென்ஸ் பொருத்தும் ஆப்டோமெட்ரிஸ்டுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். அன்று அவர் என்னை எழுந்து போக விடவில்லை என்று மனத்துக்குள் திட்டினேன் என்பதும் உண்மை.

6 மார்ச் 2023

ஸ்க்ளீரலைப் புதிய தொழில்நுட்பம் என்று ஒருவர் எழுதியிருப்பதற்காக இது. கான்டாக்ட் லென்ஸ் பிறந்ததே ஸ்க்ளீரலாகத்தான். 1888இல் சூரிச்சில் அடோல்ஃப் ஃபிக் என்ற கண் மருத்துவர், முதலில் முயல்களுக்கும் பிறகு தனக்கும், கண்ணாடியால் ஆன பெரிய ஓடுகளைப் பொருத்திப் பார்த்தார். உள்ளே நிரப்பியது திராட்சைச் சர்க்கரைக் கரைசல். அதே ஆண்டில் பாரிஸில் யூஜீன் கால்ட் அத்தகைய ஓட்டைக் கூம்புக் கருவிழிக்குப் பயன்படுத்தினார். நம் நோய்க்குத்தான் முதல் மரியாதை கிடைத்திருக்கிறது. கண்ணாடி ஆக்சிஜனை விடாது என்பதால் சில மணி நேரத்துக்கு மேல் அணிய முடியவில்லை. 1948இல் கெவின் டூஹி கருவிழி மேல் மட்டும் அமரும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்தபின் பெரிய ஓடுகள் பின்தள்ளப்பட்டன. ஆக்சிஜன் ஊடுருவும் பொருளில் ஸ்க்ளீரல் செய்து அதை மீட்டவர்களில் ஆஸ்திரேலியாவின் டான் எசெக்கியலும், பாஸ்டனின் பெர்ரி ரோசன்தாலும் முக்கியமானவர்கள். ரோசன்தாலின் வழியில் வந்த ப்ரோஸ் என்ற ஸ்க்ளீரல் லென்ஸ் சிகிச்சை சென்னை சங்கர நேத்ராலயாவிலும் ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையிலும் கிடைக்கிறது. ஆகவே தம்பியின் காணொளிக்காரர்கள் பழையது, புதியது என்று பிரித்தது தலைகீழ். பழையது ஸ்க்ளீரல், புதியது செமி சாஃப்ட்.

2 ஏப்ரல் 2023

தம்பியின் வலது கண் மூன்று மாதத்தில் ஒன்றரை டயாப்டர் கூடியிருப்பதாக எழுதியிருக்கிறார். மே மாதம் சி3ஆர். நல்லது. அதற்குப் பிறகு கருவிழியின் வடிவம் சில மாதங்கள் மாறிக்கொண்டிருக்கும். லென்ஸுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

மற்ற வகைகளைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். கூம்புக் கருவிழிக்கென்றே தடிமனாகச் செய்யும் சாஃப்ட் லென்ஸ்கள் உண்டு. தடிமனால் அவை எளிதில் வளையாமல் நிற்கின்றன. ஆரம்ப நிலைக்கும், உறுத்தலைச் சற்றும் தாங்க முடியாதவர்களுக்கும் அவை சரிப்படும், கூம்பு முற்றியவர்களுக்குப் போதாது. ஹைப்ரிட் லென்ஸின் நடுப்பகுதி கடினம், சுற்றிலும் மென்மையான பாவாடை. எனக்கு ட்ரையலில் பார்வை நன்றாகவே இருந்தது, கழற்றும்போது பாவாடை கிழிந்துவிடுமோ என்ற பயத்தில் நான் வாங்கவில்லை. பிக்கிபேக் என்பது சாஃப்ட் லென்ஸை அடியில் போட்டு அதன் மேல் செமி சாஃப்டை வைப்பது. மெத்தை போட்டுக் கட்டிலில் படுப்பதைப் போன்ற சுகம்தான், ஆனால் இரண்டு லென்ஸ், இரண்டு திரவம், இரண்டு மடங்கு நேரம். என் புண் ஆறும் வரை அதுதான் என் வேலையைக் காப்பாற்றியது.

பெல்லூசிட் என்ற கருவிழி நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டு, லென்ஸ் கீழே சரிகிறது என்று எழுதிய திருச்சி அம்மையாருக்கு: உங்களுக்கு மெலிவு கருவிழியின் கீழ் விளிம்பை ஒட்டி, பிறை வடிவில் இருக்கும். சிறிய செமி சாஃப்ட் அதில் நடுவில் நிற்காமல் கீழே சரிந்துகொண்டே இருப்பதில் வியப்பில்லை. உங்கள் மேல் தவறில்லை. அகலமான லென்ஸைக் கேளுங்கள். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்த பிறகு கருவிழி புடைத்தவரின் நிலை வேறு. அங்கே நடு தட்டையாகவும் சுற்றுப்புறம் குத்தாகவும் இருக்கும் என்பதால், சாதாரண லென்ஸின் வளைவைத் தலைகீழாக்கிச் செய்ய வேண்டியிருக்கிறது. கருவிழி மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், மாற்றிய பிறகும் லென்ஸ் எதற்கு என்று கோபப்பட வேண்டாம். தையல் இட்ட கருவிழி ஒழுங்காக இருப்பது அரிது. ஆனால் அவர்கள் ஸ்க்ளீரல் போடுவதற்கு முன்பு, கருவிழியின் உட்புற செல்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும். குறைவாக இருந்தால் ஸ்க்ளீரலின் அடியில் கருவிழி வீங்கக்கூடும்.

17 ஜூன் 2023

ஒருவர் செமி சாஃப்டை எச்சிலில் நனைத்துப் போடுவதாகவும், பத்தாண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை என்றும் பெருமையாக எழுதியிருக்கிறார். ஐயா, தயவுசெய்து நிறுத்துங்கள். குழாய்த் தண்ணீரும் அப்படித்தான். அக்காந்தமீபா என்கிற ஒருசெல் உயிரி குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் தொட்டியிலும் வாழ்கிறது. லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை, சிலருக்குக் கருவிழியே போய்விடும். நானும் 2012 வரை கம்பெனிக் குழாயில்தான் கழுவினேன். அடுத்த படுக்கையில் வலியால் துடித்த ஒரு கல்லூரிப் பெண்ணைக் கண் மருத்துவமனையில் பார்த்த அன்று நிறுத்தினேன். கையைக் கழுவிய பிறகு துடைத்து உலர்த்திவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். ஸ்க்ளீரலுக்கான உப்புநீர் ஒருமுறைப் புட்டியாக இருக்கட்டும்; திறந்த புட்டியின் மிச்சத்தை நாளைக்கு வைக்க வேண்டாம்.

3 செப்டம்பர் 2023

பிப்ரவரி 19இல் எழுதிய ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். சிறு உறுத்தல் எப்போதும் இருக்கும், அது விலை என்று எழுதியிருந்தேன்.

சென்ற வாரம் இடது கண்ணுக்கும் ஸ்க்ளீரல் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து போனேன். இந்த உரையாடல் இழையில் எல்லோரும் புகழ்ந்ததைப் படித்துப் படித்து எனக்கே ஆசை வந்துவிட்டது. அங்கே ஆப்டோமெட்ரிஸ்ட் முதலில் என் பழைய செமி சாஃப்டின் அடியில் சாயம் விட்டுப் பார்த்தார். நுனியில் கருப்பு வட்டம். மற்றவர்களுக்கு இத்தனை விரிவாகப் பாடம் எடுத்த நான், இடது கண்ணுக்கு ஆறு ஆண்டுகளாகப் பழைய சீட்டின் எண்ணையே தொலைபேசியில் சொல்லி லென்ஸ் வரவழைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கருவிழி 47 டயாப்டரிலிருந்து 49க்குப் போயிருக்கிறது. உறுத்தலைக் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது புகார்.

வளைவை மாற்றி, விளிம்பைச் சற்று உயர்த்தி, புதிய செமி சாஃப்டை வைத்தார். இருபது நிமிடத்தில் மறந்தே போனேன். பிறகு ஸ்க்ளீரலையும் வைத்துப் பார்த்தோம். எழுத்துப் பலகையில் ஸ்க்ளீரலில் 6/6 வரிசையில் இரண்டு எழுத்து தவறியது. செமி சாஃப்டில் 6/9. ஒரு வரி வேறுபாடு, நூல் நிறத்தை ஒப்பிடும் என் வேலைக்குப் பெரிதன்று. நான் செமி சாஃப்டையே எடுத்தேன். பணத்துக்காக இல்லை. நண்பகலில் வலது கண் பனி மூடும்போது இடது கண் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டிலும் ஸ்க்ளீரல் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் மூடும். வேறு வேலை செய்பவர், பஞ்சே இல்லாத அலுவலகத்தில் இருப்பவர், வேறு முடிவை எடுப்பார்.

தம்பிக்கு வலது கண்ணில் வைத்துப் பார்த்த செமி சாஃப்ட் மூன்று முறை குதித்துவிட்டதாம். கூம்பு அவ்வளவு கீழே இறங்கியிருந்தால் அப்படித்தான் நடக்கும். அங்கே ஸ்க்ளீரல் சரியான வழி. இடது கண்ணுக்கு இப்போதைக்குக் கண்ணாடியே போதும் என்று அவருடைய மருத்துவர் சொன்னதில், அதை அரைகுறைச் சிகிச்சை என்று நினைத்து அவர் வருந்தியிருக்கிறார். லென்ஸே வேண்டாத கண்ணுக்கு லென்ஸைத் தேடுவது வீண் வேலை.

27 நவம்பர் 2023

நேற்று கார்த்திகை தீபம். திண்ணையில் வரிசையாக வைத்த அகல்களை, முதலில் லென்ஸ் இல்லாமல் பார்த்தேன். ஒவ்வொரு சுடருக்கும் கீழ்நோக்கி ஒரு வால், வாலுக்குள் ஆறேழு சுடர்கள். எங்கள் வீட்டில் 21 அகல், எனக்கு மட்டும் ஊர்த்திருவிழா. பிறகு லென்ஸ் போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன். 21 சுடர்கள், ஒவ்வொன்றின் அடியிலும் மிக மெல்லிய ஒரு நிழல். அந்த நிழல் எந்த லென்ஸிலும் எனக்கு முழுதாகப் போனதில்லை. கண்ணீர் நிரப்புவது கருவிழியின் முன்புறத்தை மட்டும். பின்புறமும் கூம்பியிருக்கிறது, அதை வெளியிலிருந்து போடும் லென்ஸ் எட்டுவதில்லை. தம்பி, உங்கள் ஸ்க்ளீரலில் இரவு விளக்குகளுக்கு இன்னும் நிழல் இருப்பதாக எழுதியிருந்தீர்களே, பொருத்தியவர்மேல் கோபப்படுவதற்கு முன்பு இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சி3ஆர் முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். புதிய டோப்போகிராஃபி எண்களை இங்கே எழுதுங்கள். லென்ஸைக் கழற்றி எத்தனை நாள் கழித்து எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.